12 லட்ச ரூபாய்க் காலுக்குத் தோப்பை விற்கலாமா?

கேள்வி: சோமனூரில் தறிக்குடோன் வைத்திருக்கிறோம். போன வருடம் லாரி மோதியதில் என் வீட்டுக்காரருக்கு வலது காலை முட்டிக்கு மேலே எடுத்துவிட்டார்கள். விபத்து வழக்கு கோவையில் நடக்கிறது. ‘மூளை நினைத்தபடி நடக்கும் கால்’ என்று ஓரிடத்தில் 12 லட்சம் சொல்கிறார்கள். 6 வருடம் உழைக்குமாம். தென்னந்தோப்பில் பாதியை விற்றுவிடலாம் என்கிறார் மச்சாண்டார். விற்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாங்க.

12 லட்சத்தை 6 வருடத்துக்குப் பிரித்தால் மாதம் சுமார் 16,700 ரூபாய். ஏழாம் வருடம் மறுபடியும் இதே செலவு நிற்கும். அப்போது கையில் பாதித் தோப்புதான் இருக்கும். அதுவும் போக, முதல் வருடத்தில் வெட்டுப்பட்ட கால் சுருங்கிக்கொண்டே வரும், அது நுழையும் சாக்கெட்டை மாற்ற வேண்டிவரும். சாக்கெட் சரியாக உட்காரவில்லை என்றால் எத்தனை லட்சத்து முட்டியும் பரண்மேல்தான்.

‘மூளை நினைத்தபடி நடக்கும்’ என்ற அந்த விளம்பரம் எனக்குப் பிடிக்கவில்லை. அவர்கள் காட்டுவது அநேகமாக மைக்ரோபிராசசர் முட்டி. முட்டி எவ்வளவு மடங்குகிறது, எவ்வளவு பாரம் விழுகிறது என்று சென்சார் அளக்கும். அதற்கேற்ப உள்ளே எதிர்ப்பு கூடும், குறையும். தடுக்கினால் தாங்கும். நல்ல சாதனம்தான், ஆனால் மூளைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நரம்புச் சைகையால் நடக்கும் கால் பற்றி அமெரிக்காவின் எம்.ஐ.டி. 2024-ல் வெளியிட்ட ஆய்வில், அதற்கென்றே தனி அறுவை சிகிச்சை செய்துகொண்ட 7 பேர் நடந்தார்கள். எல்லோரும் முட்டிக்குக் கீழே கால் இழந்தவர்கள்.

விலை இறங்கவும் வழி இருக்கிறது. 2022-ல் இஸ்ரோ இப்படியொரு மைக்ரோபிராசசர் முட்டியைச் செய்து காட்டியபோது, இறக்குமதிச் சரக்கு 10 முதல் 60 லட்சம், எங்களுடையது 4-5 லட்சத்தில் வரலாம் என்றது.

எதை வாங்கினாலும், மாட்டி உங்கள் குடோனிலேயே நடக்கவிட்டுப் பாருங்கள். ஷோரூம் டைல்ஸில் எந்தக் காலும் நடக்கும். இவர் நடக்கவேண்டியது இரண்டு தறிக்கு நடுவே, உடம்பைத் திருப்பிக்கொண்டு, பஞ்சுத் தூசியிலும் எண்ணெய் சிந்திய தரையிலும்.

சரி, பணம்? வழக்கில் கேளுங்கள். 2022-ல் உச்ச நீதிமன்றம் ஒரு விபத்து வழக்கில், செயற்கைக் காலைப் பிற்பாடு மாற்றும் செலவையும் பராமரிப்பையும் சேர்த்தே இழப்பீடு கொடுத்தது. இந்தக் கால் தேவை என்று டாக்டரின் சான்றும், கொட்டேஷனும், சாக்கெட் செலவு எழுதிய தாளும் வக்கீல் கைக்குப் போகட்டும். இன்சூரன்ஸ்காரர் சமரசம் பேச வந்தால், ஒரே ஒரு காலின் விலைக்குக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

அதுவரை சாதாரண முட்டியில் பழகட்டும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இலவசக் காலுக்கு மனுக் கொடுங்கள். அப்புறம், அவர் பழைய முறையில் வருமான வரி கட்டினால் மாற்றுத்திறனாளி என்ற வகையில் 75,000 ரூபாய் கழிவு உண்டு, ஊனம் 80 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று இருந்தால் 1,25,000.