ஈரச் சுவருக்கு சிமென்ட் வேண்டாம்

ஸ்காட்லாந்தின் மோரேயில் வாங்கிய விக்டோரியா காலத்து மணற்கல் வீட்டில் உட்சுவர் ஈரமாகவே இருக்கிறது, வெளியே சிமென்ட் பூசிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாங்க. அந்தக் காலத்துச் சுவர் சுமார் 2 அடி தடிமன். நடுவில் உடைகல்லும் சுண்ணாம்புக் காரையும்தான். உள்ளே போன ஈரம் கல்லிடுக்குச் சுண்ணாம்பு வழியாகத்தான் வெளியேறும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடும். அப்புறம் கல்லே பொரிந்து உதிரும்.

முதலில் நல்ல மழையில் குடையோடு வெளியே நின்று பாருங்கள். வார்ப்பிரும்பு மழைநீர்க் குழாய்க்குப் பின்னால் சுவரில் பாசி படிந்திருந்தால், திருடன் பெரும்பாலும் அங்கேதான். கல்லிடுக்குகளில் புதிதாகச் சுண்ணாம்புக் காரை பூசும் வேலையை மே மாதத்துக்குத் தள்ளுங்கள். உறைபனி பட்டால் புதுக் காரை பொடிந்துவிடும். வீடு பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் இருந்தால், அதன் தன்மையை மாற்றும் வேலையைக் கவுன்சில் அனுமதியின்றிச் செய்வது குற்றம். அதை இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.