வறண்ட ஊர்களும் ஒரு வாசகரும்

கேள்வி: ஊரிலிருந்து அப்பா அம்மா டிசம்பரில் வருகிறார்கள். டூபாக், டூம்ஸ்டோன், பிஸ்பி என்று தெற்கு அரிசோனாவின் பழைய ஊர்களைக் காரில் சுற்றிக்காட்ட நினைக்கிறோம். இந்த வறண்ட ஊர்களுக்கு மூன்று நாள் அதிகமோ? டூம்ஸ்டோன் துப்பாக்கிச் சண்டை நாடகத்துக்கு முன்கூட்டியே டிக்கெட் எடுக்க வேண்டுமா?
- ஒரு வாசகர், சாண்ட்லர், அரிசோனா

பதில்: ‘வறண்ட’ என்று எழுதிவிட்டீர்கள். அந்த ஒரு சொல்லுக்காகவே உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டேன்.

நீங்கள் பார்க்கப்போகும் டூம்ஸ்டோனை அழித்தது தண்ணீர். 1877இல் எட் ஷெஃப்லின் என்பவர் வெள்ளி தேடி அந்தக் குன்றுகளுக்குப் புறப்பட்டபோது, ‘அங்கே உனக்குக் கிடைக்கப்போவது உன் கல்லறைக் கல்தான்’ என்றார்களாம். வெள்ளி கிடைத்தது. தன் சுரங்க உரிமைக்கு ‘டூம்ஸ்டோன்’, அதாவது ‘கல்லறைக் கல்’ என்றே பெயர் வைத்தார். 1879இல் எழுந்த ஊருக்கும் அதுவே பெயர். 1881 ஜூனில் ஒரு சுருட்டு நெருப்பு விஸ்கி பீப்பாயில் பற்றி, கடைத்தெருவையே எரித்தது. அணைக்கத் தண்ணீர் இல்லை. அதே ஆண்டில்தான் சுமார் 520 அடி ஆழத்தில் ஒரு சுரங்கத்துக்குள் ஊற்று உடைத்துக்கொண்டு வந்தது. ராட்சத பம்புகள் வைத்து இறைத்தார்கள். 1886இல் பம்பு நிலையம் எரிந்தது; வெள்ளி விலையும் இறங்கிக்கொண்டிருந்தது. சுரங்கம் முழுகியது, ஜனங்கள் மூட்டை கட்டினார்கள். மேலே ஒரு குடம் தண்ணீருக்குத் தவித்த ஊர் கீழே வந்த தண்ணீரால் காலியானது. இதை எந்த நாடகத்தில் நடித்துக் காட்டுகிறார்கள்?

அவர்கள் காட்டுவது 1881 அக்டோபர் 26ஆம் தேதியின் ஓர் அரை நிமிடத்தை. ஊர்க் காவலர்களும் கௌபாய் கும்பலும் ஏறக்குறைய 30 விநாடி சுட்டுக்கொண்டார்கள், மூன்று பேர் செத்தார்கள். நடந்த இடம்கூட எல்லாரும் சொல்கிற ஓ.கே. குதிரைக் கொட்டடி இல்லை, அதன் பின்வாசலுக்குச் சற்றுத் தள்ளி இருந்த ஒரு குறுகலான காலி மனை. ஊர் வரலாற்றைத் துப்பாக்கியை வைத்து எழுதுகிறவர்களோடும் ராஜாக்களை வைத்து எழுதுகிறவர்களோடும் எனக்குப் பல வருஷச் சண்டை. ‘ஊரை எழுப்புவது ஆட்சி, தண்ணீர் அல்ல’ என்று ஒரு பேராசிரியர் இந்தப் பக்கத்திலேயே என்னோடு மல்லுக்கு நின்றார். அன்று சொன்னதையே இன்றும் சொல்கிறேன்: தண்ணீர் எங்கே இருந்தது, யார் சுமந்தார்கள், யாருக்குக் கொடுக்க மறுத்தார்கள் என்று கேட்காமல் எழுதினால் அது அரைக் கிணறு தாண்டிய வரலாறு.

அதனால் டூம்ஸ்டோனில் ஆரம்பிக்காதீர்கள். சாண்டா குரூஸ் ஆற்றில் ஆரம்பியுங்கள். டூசானுக்குத் தெற்கே 1692இல் கீனோ பாதிரியார் தொடங்கிய சான் ஹாவியேர் மிஷன் என்ற கிறிஸ்தவ மதப்பணி நிலையம் இருக்கிறது. இப்போது நிற்கும் வெள்ளைத் தேவாலயம் 1783 முதல் 1797 வரை கட்டியது. ஒரு கோபுரம் இன்னும் முடியாமல் நிற்கிறது. மண்ணுக்குள் ஓடிய ஆறு அந்தப் பக்கத்தில்தான் மேலே தலைகாட்டியது. பாதிரியார் வருவதற்கு வெகுகாலம் முன்பே ஓஒதாம் பழங்குடியினர் அங்கே பயிர் செய்துகொண்டிருந்தார்கள். ஆற்றோடு தெற்கே போனால் 1752இல் ஸ்பானியர் படைக்கோட்டை கட்டிய டூபாக், அதைத் தாண்டி டுமாக்காகரி மிஷன். நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சி டூசானில் அந்த ஆற்றைக் கொன்றுவிட்டார்கள். இன்று அந்த நகரம் குடிப்பதில் பெரும்பங்கு, 336 மைல் கால்வாயில் மேடேற்றிக் கொண்டுவரும் கொலராடோ ஆற்று நீர். டூபாக்கில் நீங்கள் பார்க்கும் ஓட்டமோ மெக்சிகோ எல்லையின் இரு பக்கத்து நொகாலஸ் ஊர்களும் கழித்து, சுத்திகரித்து விடும் நீர். அந்தக் கரையில் காட்டன்வுட் மரங்கள் தழைத்து நிற்கின்றன. அப்பாவை அந்த நிழலில் கொஞ்ச நேரம் உட்கார வையுங்கள்.

இரண்டாம் நாள் நொகாலஸிலிருந்து 82ஆம் நெடுஞ்சாலையைப் பிடியுங்கள். பட்டகோனியா, சொனொய்டா வழியே புல்வெளி விரிந்து கிடக்கும். ‘வறண்ட’ என்ற சொல் அங்கேயே உதிர்ந்துவிடும். டூம்ஸ்டோனுக்கு இரண்டு மணி நேரம் போதும், 1882இல் கட்டிய நீதிமன்றத்தைப் பாருங்கள். இருட்டுவதற்குள் பிஸ்பி போய்ச் சேருங்கள். டிசம்பரில் ஐந்தரைக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். ஊர் 5,500 அடி உயரத்தில் இருப்பதால் இரவில் உறையும் குளிர். தெருவெல்லாம் படிக்கட்டு, அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் கீழ்த்தெருவில் அறை எடுங்கள்.

பிஸ்பியில் தாமிரம். அங்கே தங்கச் சொல்வதற்குக் காரணம், வாரன் பகுதியில் இன்றும் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு பேஸ்பால் மைதானம். 1917 ஜூனில் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். உள்ளே ஆள் இருக்கும்போது வெடி வைக்காதே என்பதும் அவர்கள் கேட்டவற்றில் ஒன்று. ஜூலை 12 விடியற்காலையில், ஷெரீஃப் ஹாரி வீலர் கையில் வெள்ளைத் துணி கட்டித் திரட்டிய ஏறத்தாழ 2,000 பேர் துப்பாக்கியோடு வீடுவீடாகப் புகுந்தார்கள். ஏறத்தாழ 1,200 பேரை அந்த மைதானத்துக்கு நடத்திப்போய், மாடு ஏற்றும், சாணம் கிடந்த 23 ரயில் பெட்டிகளில் ஏற்றினார்கள். மெக்சிகோக்காரர்கள், கிழக்கு ஐரோப்பியர்கள், அமெரிக்கர்கள் எல்லாரும் இருந்தார்கள். ஜூலை வெயிலில், குடிக்கத் தண்ணீர் அநேகமாக இல்லாமல், 16 மணி நேரம். நியூ மெக்சிகோவில் ஹெர்மானஸ் என்ற இடத்தில் இறக்கிவிட்டுத் திரும்பி வரக் கூடாது என்றார்கள். இதற்காக ஒருவர்கூடத் தண்டனை பெறவில்லை. மூன்று பேர் செத்த அரை நிமிடத்தை உலகமே அறியும். சாண்ட்லரில் குடியிருக்கும் உங்களுக்கு இது தெரிந்திருந்ததா? தெரியாதது உங்கள் குற்றமில்லை, உங்கள் காதில் போடாதவர்களின் குற்றம்.

மூன்றாம் நாள் காலையில் வைட்வாட்டர் டிரா சதுப்புக்குப் போங்கள். குளிர்காலத்தில் சாண்ட்ஹில் கொக்குகள் ஆயிரக்கணக்கில் வந்து, இரவில் ஆழமில்லாத தண்ணீரில் நின்றபடியே தூங்கும். விடிந்ததும் கத்திக்கொண்டு கிளம்பும். சதுப்பு இருக்கும் பள்ளத்தாக்கில் ஆழ்துளைக் கிணறுகளால் நிலத்தடி நீர் இறங்கிக்கொண்டே போகிறது. டக்ளஸ் வட்டார மக்கள் 2022இல் வாக்களித்துத்தான் அதற்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். குளத்தில் நீர் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு புறப்படுங்கள்.

எல்லைக் காவல் சோதனைச்சாவடிகள் டூபாக்குக்கு வடக்கேயும் டூம்ஸ்டோனுக்கு வடக்கேயும் உண்டு. அப்பா அம்மா பாஸ்போர்ட்டுகள் காரிலேயே இருக்கட்டும்.

நாடக டிக்கெட்டைக் கேட்டிருந்தீர்கள். அந்தப் பணத்தை பிஸ்பி குவீன் சுரங்கத்துக்குப் போடுங்கள், முன்பதிவு அதற்குத்தான் வேண்டும். சின்ன ரயிலில் குன்றுக்குள்ளே கூட்டிப்போவார்கள். உள்ளே எந்த மாதத்திலும் 8 டிகிரி செல்சியஸ்தான். அம்மாவுக்கு ஸ்வெட்டரோடு ஒரு சால்வையும் எடுத்துக்கொள்ளுங்கள்.