காசு கைக்கு வராமல் கையெழுத்து வேண்டாம்

கேள்வி: ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் 1995 முதல் 30 வருடம் கொழுந்து பறித்த என் அம்மா, 58 வயதில் வேலையை விட்டிருக்கிறார். செக்ரோலில் (தோட்டத்தின் வேலையாள் பதிவேட்டில்) அவர் பெயர் மாரியாயி, அடையாள அட்டையில் மாரியம்மா. இதனால் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) எடுப்பது கஷ்டம், நூற்றுக்குப் பத்து தந்தால் எடுத்துத் தருகிறேன் என்கிறார் ஒருவர். சர்வீஸ் காசை (பணிக்கொடையை) மூன்று தவணையாகத் தருவதாகச் சொல்லும் தோட்ட ஒபீஸ், "முழுத்தொகையும் பெற்றுக்கொண்டேன்" என்ற கடிதத்தில் இப்போதே கையெழுத்துக் கேட்கிறது. அண்ணனோ மொத்தத்தையும் போட்டு ஓட்டோ எடுக்கலாம் என்கிறார். என்ன செய்வது?

பதில்: தம்பி, முதல் வேலையாக அம்மாவிடம் சொல்லுங்கள்: அந்தக் கடிதத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கவே கூடாது. பிறகு நீங்கள் எந்த வாசலுக்குப் போனாலும் அந்தத் தாளைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். ஒரு தவணை தந்தால் அந்தத் தொகையையும் திகதியையும் மட்டும் எழுதி, அதற்கு மட்டும் கையெழுத்துப் போடட்டும்.

சர்வீஸ் காசு நிர்வாகம் மனமிரங்கித் தருவதல்ல. இலங்கையின் 1983 ஆம் ஆண்டு 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் முடித்த எவருக்கும் அது உரித்து. தானாக விலகினாலும் உண்டு. நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம், அதுவும் கடைசியாக வாங்கிய சம்பளப்படி. அம்மாவின் கடைசி நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 18,900. 30 வருடத்துக்கு 5,67,000 ரூபா. ஒபீஸ் சொல்லும் தொகை இதைவிடக் குறைவென்றால் கணக்கை எழுத்தில் கேளுங்கள். வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். பிந்தினால் தாமதத்துக்கேற்ப 10 முதல் 30 வீதம் வரை மேலதிகம் சேரும். தவணை என்பது அவர்களுடைய வசதி, சட்டம் சொன்னதல்ல. லேபர் ஒபீசில் எழுத்துமூலம் முறையிடுங்கள். அப்படியும் கொடுக்காவிட்டால் தொழில் ஆணையாளர் நீதவான் நீதிமன்றம் வழியாகவே அறவிட முடியும்.

பெயர்ச் சிக்கல் உங்கள் வீட்டில் மட்டும் இல்லை. பிரஜாவுரிமை இல்லாமல் இருந்த தோட்ட மக்கள் பலருக்கு, அதை வழங்கிய 2003 ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகே அடையாள அட்டை கிடைத்தது. செக்ரோல் பெயரோ அதற்கு வெகுகாலம் முன்பே யாரோ ஒரு கிளாக்கர் காதில் விழுந்தபடி எழுதியது. அம்மாக்கள் செய்யாத பிழைக்கு அவர்களை அலைய வைப்பது எனக்கு மிகவும் வேதனை. மாரியாயியும் மாரியம்மாவும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக் கடதாசி முடித்து, அதையே உறுதிப்படுத்தும் கடிதமொன்றைத் தோட்ட நிர்வாகத்திடமும் வாங்குங்கள். பிறப்புச் சான்றிதழ், பழைய சம்பளத் துண்டு, ஈ.பி.எஃப். அங்கத்துவ இலக்கம் எல்லாவற்றையும் சேர்த்து லேபர் ஒபீசில் காட்டி, முதலில் பெயரைத் திருத்தக் கேளுங்கள்.

பெண்களுக்கு 50 வயதானால், வேலையிலிருந்து விலகியதும் ஈ.பி.எஃப். எடுக்கலாம். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை, காசு நேரே அவர் வங்கிக் கணக்குக்கு வரும். இடையில் ஒருவருக்குப் பத்து வீதம் எதற்கு? கணக்கு அறிக்கையையும் ஒரு தடவை பாருங்கள். சம்பளத்தில் அம்மாவின் 8 வீதமும் தோட்டத்தின் 12 வீதமும் மாதாமாதம் விழுந்திருக்க வேண்டும். சம்பளத் துண்டில் வெட்டப்பட்டு அறிக்கையில் இல்லாத மாதங்கள் இருந்தால் அந்தத் துண்டுதான் உங்கள் சாட்சி. ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) தனிக் கணக்கு, தோட்டம் மட்டுமே 3 வீதம் கட்டியது. அதையும் மறக்காமல் கேட்டு எடுங்கள்.

ஓட்டோ விஷயம். காசு அம்மாவுடையது; பிள்ளைகளுக்கு அதில் இப்போது சட்டப்படி பங்கு கிடையாது. அவர் விரும்பிக் கொடுத்தால் தடுக்க எவராலும் முடியாது, ஆனால் மாதாமாதம் பென்ஷன் வராத ஒரு தாய்க்கு மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் இனி இதுதான். அம்மாவின் பெயரில் மட்டும் கணக்குத் திறந்து, பெரும்பகுதியை மாதவட்டி வரும் நிலையான வைப்பில் போடச் சொல்வேன். மத்திய வங்கியின் அனுமதி பெற்ற வங்கியில் போட்டால், வங்கிக்கு ஏதாவது நேர்ந்தாலும் 11 இலட்சம் ரூபா வரை வைப்புக் காப்புறுதி உண்டு. ஊரில் சீட்டுப் பிடிப்பவரிடம் அது இல்லை. அண்ணனுக்குக் கொடுப்பதானால் ஒரு பகுதியை மட்டும், கடன் பத்திரம் எழுதி, சாட்சி வைத்துக் கொடுக்கட்டும்.