மகள் பொலிஸில் சேரட்டும், ஆனால் எந்தப் படியில்?

அன்புள்ள சகோதரிக்கு,

பொகவந்தலாவையிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. உயர்தரம் படிக்கும் மகள் பெண் பொலிஸ் உயர் அதிகாரி ஒருவரின் படத்தை வெட்டி லயத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறாள், அன்றிலிருந்து உங்களுக்குத் தூக்கமில்லை என்கிறீர்கள். உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் படத்தைக் கிழித்துவிடாதீர்கள்.

அது பிம்ஷானி ஜாசின் ஆராச்சியின் படமாக இருக்க வேண்டும். 1997இல் சேர்ந்தவர், 2020இல் நாட்டின் முதல் பெண் பிரதிப் பொலிஸ்மா அதிபரானார். இலங்கைப் பொலிஸ் பெண்களைச் சேர்க்கத் தொடங்கியது 1952இல். அந்தப் பதவிக்கு ஒரு பெண் வர 68 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. வந்த பிறகும் 30க்கும் மேற்பட்ட ஆண் அதிகாரிகள் அந்த நியமனத்தை எதிர்த்து உயர் நீதிமன்றம் போனார்கள். விதிகளில் அந்தப் பதவி பெண்ணுக்கென்று எழுதப்படவில்லை என்பது அவர்கள் வாதம். நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. மகளுக்கு இதை மறைக்காமல் சொல்லுங்கள். தெரிந்துகொண்டு போகிறவள் பாதியில் திரும்பமாட்டாள்.

இனி முக்கியமான விடயம். சாதாரண தரப் பெறுபேற்றோடு கான்ஸ்டபிளாகச் சேரலாம். உயர்தரத்தில் மூன்று பாடங்கள் சித்தியடைந்தால் உப பொலிஸ் பரிசோதகராக விண்ணப்பிக்கலாம். பட்டதாரியானால் போட்டிப் பரீட்சை எழுதி நேரே உதவிப் பொலிஸ் அத்தியட்சகராகலாம். கான்ஸ்டபிளாக நுழைகிறவருக்கு ஒவ்வொரு படியும் பல வருடக் காத்திருப்பு. அதனால் "கிடைக்கிற வேலையில் முதலில் சேரட்டும்" என்ற உறவினர் பேச்சைக் கேட்டு உயர்தரத்தை இடையில் நிறுத்திவிடாதீர்கள். பல்கலைக்கழகம் கிடைத்தால் அனுப்பிவையுங்கள், பொலிஸ் எங்கும் ஓடிவிடாது.

இன்னொன்று, இன்றைக்கே அவளுடைய உயரத்தை அளந்து பாருங்கள். என்னிடம் படித்த ஒரு பிள்ளை எழுத்துப் பரீட்சையில் தேறி, உயரம் அரை அங்குலம் குறைந்ததால் அழுதுகொண்டே திரும்பினாள். 2016ஆம் ஆண்டு ஆய்வில் தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் வயதுக்கேற்ற உயரமில்லாமல் இருந்தார்கள். இது பிள்ளைகளின் குற்றமா? வர்த்தமானியில் கேட்கும் உயரத்தையும் வயதெல்லையையும் முன்கூட்டியே பார்த்துவிட்டால் இந்த ஏமாற்றமாவது மிஞ்சாது.

சிங்களத்தை எழுதவும் வாசிக்கவும் இப்போதே பழகட்டும். பயிற்சியும் மேலதிகாரிகளுடனான வேலையும் பெரும்பாலும் அந்த மொழியில்தான். அதே நேரம் அவளுடைய தமிழ்தான் அவளுடைய பெரிய பலம். கணவனிடம் அடி வாங்கிக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போன ஒரு கொழுந்து பறிக்கும் பெண், தனக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையொப்பமிட்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். தமிழ் அரச கரும மொழியாகி எத்தனையோ ஆண்டுகள் கழித்து நடந்தது அது. அந்த மேசைக்குப் பின்னால் உங்கள் மகள் இருந்திருந்தால் அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு ஆறுதல்!

இரவுக் கடமையும் இடமாற்றமும் கட்டாயம் உண்டு, மறைக்கமாட்டேன். லயத்தில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். கொழும்பில் வீட்டு வேலைக்கு அனுப்பியபோதும் அவர்கள்தானே பேசினார்கள்?

அடுத்த சனிக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். சாதாரண தரப் பெறுபேற்றுத் தாளும், அவள் உயரத்தைக் குறித்த துண்டும் கையில் இருக்கட்டும்.