டியூக் ஏன் தோற்றது, யார் நிஜமான சாம்பியன்: மோரிஸ்வில் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, ஜனவரியில்தான் வேலைக்காக அமெரிக்காவின் நார்த் கரோலைனா மாநிலத்தில் இருக்கும் மோரிஸ்வில்லுக்கு வந்தீர்கள் என்றும், போன திங்கட்கிழமை வெளிர்நீலச் சட்டை போட்டுக்கொண்டு ஆபீஸ் போனதும் ஒருவர் ஓடிவந்து கை குலுக்கினார், இன்னொருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், காரணம் புரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். கூடவே, காலேஜ் கூடைப்பந்தில் இந்த 2024-25 சீசனில் உண்மையிலேயே நல்ல டீம் எது, நல்ல ஆட்டக்காரர் யார், இதெல்லாம் இங்கே குடியிருக்கத் தெரிந்திருக்க வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் பள்ளியில் கூடைப்பந்து ஆடியவள், பதினேழு வருடமாகப் பக்கத்து ஊரான கேரியில் இருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

சட்டை விஷயம் முதலில். வெளிர்நீலம் சேப்பல் ஹில்லில் இருக்கும் நார்த் கரோலைனா பல்கலைக்கழகத்தின் நிறம், அடர்நீலம் டர்ஹமில் இருக்கும் டியூக் பல்கலைக்கழகத்தின் நிறம்; இரண்டும் பரம எதிரிகள். இரண்டு ஊருக்கும் நடுவில் சுமார் பத்து மைல்தான். சனிக்கிழமை ராத்திரி டியூக் தோற்றது, திங்கட்கிழமை காலை நீங்கள் வெளிர்நீலத்தில் போய் நின்றீர்கள். அவ்வளவுதான்.

ஆட்டக்காரர் என்று கேட்டால் டியூக்கின் கூப்பர் ஃப்ளாக்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மெய்ன் மாநிலத்தில் நியூபோர்ட் என்கிற சின்ன ஊர்ப் பையன், சீசன் தொடங்கும்போது 17 வயது, டிசம்பரில்தான் 18 ஆனது. ஜனவரியில் நோட்டர் டேமுக்கு எதிராக 42 புள்ளி போட்டான். எல்லோரும் அந்த 42-ஐப் பற்றித்தான் பேசுகிறார்கள், ஆனால் நான் பார்த்து வியந்தது வேறு: இந்தப் பக்கம் எதிராளியின் ஷாட்டைத் தட்டிவிட்டு, அதே மூச்சில் அந்தப் பக்கம் ஓடி, தானே போடக்கூடிய பந்தைத் தன்னைவிட நல்ல இடத்தில் நிற்பவனுக்குக் கொடுப்பான். டீமில் அதிகப் புள்ளி, அதிக ரீபவுண்ட் (தவறிய ஷாட்டைப் பிடிப்பது), அதிக அசிஸ்ட் (புள்ளிக்கு வழிவகுக்கும் பாஸ்) மூன்றும் அவனுடையதுதான். இந்த வயதில் அந்த நிதானம் இருக்கும் பிள்ளையை நான் பார்த்ததில்லை.

அப்புறம் ஏன் டியூக் தோற்றது? என் கருத்து, வயது. சான் அன்டோனியோவில் நடந்த அந்தத் தேசியப் போட்டியின் அரையிறுதியில் ஹூஸ்டனை விட 14 புள்ளி முன்னால் இருந்தார்கள், கடைசி 35 வினாடியில்கூட 6 புள்ளி முன்னால். டியூக்கில் முதலில் இறங்கும் ஐவரில் மூவர் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள். எதிரே ஹூஸ்டனில் ஜுவான் ராபர்ட்ஸ் அந்தக் கல்லூரியிலேயே ஆறாவது வருடமாக இருந்தார். ஹூஸ்டன் கழுத்தைப் பிடித்த மாதிரி ஒட்டிக்கொண்டு தடுத்ததும், டியூக் பிள்ளைகள் பந்தை ஃப்ளாக்கிடம் கொடுத்துவிட்டு நின்று வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்கள். ஃபவுலுக்காகக் கிடைத்த ஃப்ரீ த்ரோவில் ராபர்ட்ஸ் இரண்டையும் பதறாமல் போட்டார், ஃப்ளாக் போட்ட கடைசி ஷாட் வளையத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே விழுந்தது. கடைசியில் 70-67. என் பக்கத்து வீட்டுக்காரர், டியூக்கில் படித்தவர், அன்றைக்கு நான் கொண்டுபோன சுண்டலை ஒரு கிண்ணம் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், ஆட்டம் முடிந்த பிறகும் அது அப்படியே இருந்தது.

இந்த சீசனில் தடுப்பாட்டத்தில் சிறந்த டீம் ஹூஸ்டன்தான் என்று நான் அடித்துச் சொல்வேன். அவர்கள் கோச் கெல்வின் சாம்ப்சனுக்கு அப்போது 69 வயது, இத்தனை வருடம் கோச்சாக இருந்து அப்போதுதான் முதல்முறை இறுதிப் போட்டி. 1983, 84 இரண்டு வருடமும் பின்னாளில் பெரிய நட்சத்திரமான ஹக்கீம் ஒலாஜுவானை வைத்துக்கொண்டே இறுதியில் தோற்ற காலேஜ் அது, அதுவரை ஒரு கோப்பைகூட வாங்கியதில்லை. அதனால் திங்கள் இரவு என் மனசு அவர்கள் பக்கம்தான் இருந்தது.

அந்த இறுதிப் போட்டியைப் பார்த்தீர்களா? பார்க்கவில்லையென்றால் கடைசி இருபது வினாடியையாவது தேடிப் பாருங்கள். ஃப்ளோரிடா 65, ஹூஸ்டன் 63, பந்து ஹூஸ்டனிடம். ஹூஸ்டனின் இமானுவேல் ஷார்ப் மூன்று புள்ளிக்காக எம்பிவிட்டான், பந்து கையைவிட்டுப் போகும் நேரத்தில் ஃப்ளோரிடாவின் வால்டர் கிளேட்டன் ஜூனியர் பாய்ந்து முகத்துக்கு நேரே வந்துவிட்டான். போட்டால் தட்டிவிடுவான், பந்தோடு தரையில் இறங்கினால் விதிமீறல். ஷார்ப் பந்தைக் கீழே விட்டுவிட்டான். விட்டவன் தானே முதலில் தொடக்கூடாது, தொட்டால் டிராவலிங் என்கிற விதிமீறல். பந்து தரையில் குதிக்கிறது, அவன் அதைச் சுற்றி நின்றுகொண்டு தொட முடியாமல் பார்க்கிறான், ஃப்ளோரிடாப் பையன் ஒருவன் விழுந்து எடுத்துத் தள்ளிவிட, நேரம் முடிந்துவிட்டது. ஒரு ஷாட்கூடப் போகவில்லை. கிளேட்டன் முதல் பாதியில் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை, ஆனால் கோப்பையை வாங்கிக்கொடுத்தது அந்தப் பாய்ச்சல்தான். இரண்டாம் பாதியில் 12 புள்ளி பின்தங்கியிருந்து ஃப்ளோரிடா மீண்டு வந்ததை மறுக்கவே முடியாது, கோப்பைக்குத் தகுதியான டீம்.

இங்கேயும் வயதைக் கவனியுங்கள். ஃப்ளோரிடாவில் கிளேட்டன் அயோனா காலேஜிலிருந்தும், அலைஜா மார்ட்டின் ஃப்ளோரிடா அட்லாண்டிக்கிலிருந்தும், வில் ரிச்சர்ட் பெல்மான்ட்டிலிருந்தும் வந்தவர்கள். இப்போது ஒரு காலேஜிலிருந்து இன்னொன்றுக்கு உடனே மாறி ஆடலாம், விளம்பரப் பணமும் வாங்கலாம் என்று விதி மாறிவிட்டது, அதனால் மூன்று நான்கு வருடம் அடிபட்டு வளர்ந்தவர்களைச் சேர்த்து டீம் கட்டுகிறார்கள். சின்ன காலேஜ்கள் வளர்த்த பிள்ளைகளைப் பெரிய காலேஜ்கள் கொண்டுபோய்விடுவது எனக்கு வருத்தம்தான். 2025-இல் போட்டிக்கு முன்பே நான்கு பிரிவுகளிலும் முதலிடம் கொடுத்து வைத்த டியூக், ஹூஸ்டன், ஃப்ளோரிடா, ஆபர்ன் நான்குமே கடைசி நான்கில் வந்து நின்றன, 2008-க்குப் பிறகு இப்போதுதான் இப்படி. சின்ன டீம் பெரிய டீமைக் கவிழ்ப்பதுதானே இந்தப் போட்டியின் உயிர்?

அதற்கு நம் ஊரிலேயே உதாரணம் உண்டு. ராலேயில் இருக்கும் என்.சி. ஸ்டேட் 2024-இல் ஐந்து நாளில் ஐந்து ஆட்டம் ஜெயித்து, டியூக்கும் சேப்பல் ஹில்லும் ஆடும் அதே கல்லூரிக் கூட்டமைப்பின் கோப்பையை எடுத்து, பிறகு டியூக்கையும் தோற்கடித்துக் கடைசி நான்கு வரை போனது. 2024-25 சீசனில் 12 வெற்றி, 19 தோல்வி. சேப்பல் ஹில்லும் சுமார்தான், டியூக்கிடம் மூன்று முறை தோற்றது.

பெண்கள் ஆட்டத்தை விட்டுவிடாதீர்கள். 2025 இறுதிப் போட்டியில் கனெக்டிகட் சவுத் கரோலைனாவை 82-59 என்று ஜெயித்தது, 12-ஆவது பட்டம். கனெக்டிகட்டின் பெய்ஜ் பெக்கர்ஸ் முழங்கால் காயத்தில் ஒரு சீசன் முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டு வந்து இதை வாங்கியிருக்கிறாள். பாஸ் கொடுப்பது எப்படி என்று கற்றுக்கொள்ள அவள் ஆட்டம் போதும்.

தெரிந்திருக்க வேண்டுமா என்றால், கட்டாயம் இல்லை. ஆனால் நான் வந்த புதிதில் வாசலில் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போன அதே பக்கத்து வீட்டுக்காரர், ஒரு பிப்ரவரியில் டியூக் ஆட்டத்தில் ஒரு ஃபவுல் சரியா தவறா என்று நான் கேட்டதற்கு அரைமணி நேரம் குளிரில் நின்று விளக்கினார், அன்றிலிருந்துதான் எங்களுக்குள் பேச்சு.

டியூக் அரங்கில் சுமார் 9,300 பேர்தான் உட்கார முடியும், டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு. நவம்பரில் அடுத்த சீசன் தொடங்கும்போது ராலேயில் ரெனால்ட்ஸ் அரங்கில் என்.சி. ஸ்டேட் பெண்கள் ஆட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். நானும் மகளும் வழக்கமாகப் போவோம், வருவதாக இருந்தால் முன்கூட்டிச் சொல்லுங்கள், சேர்ந்தே போகலாம்.