தாத்தாவோட 16 எம்எம் ரீல்ல வினிகர் வாடை – வெயில்ல வைக்காதீங்க

பழைய இந்தியப் படங்களத் தேடிச் சேத்த பி.கே.நாயர் பத்தின டாக்குமெண்டரி பாத்துட்டு பரண்ல இருந்து தாத்தாவோட ரீல் டப்பாவ எல்லாம் இறக்கினேன், ரெண்டுல புளிச்ச வாடை, வெயில்ல காய வைக்கவான்னு கேட்டிருக்கீங்க. வேணவே வேணாம் நண்பரே!

அந்த வாடை அசிடேட் (ஒரு வகை பிளாஸ்டிக்) ஃபிலிம் சிதையறப்ப வர்ற அசிட்டிக் ஆசிட், வினிகர்ல இருக்கறதேதான். சூடும் ஈரமும்தான் அதுக்கு தீனி, பக்கத்து ரீலையும் கெடுக்கும், அதனால வாடை வர்ற ரெண்டையும் முதல்ல தனியா பிரிச்சு காத்தோட்டமான குளுமையான எடத்துல வைங்க, பிளாஸ்டிக் கவர்ல கட்டி வச்சா அந்த ஆவி உள்ளயே சுத்தும். ப்ரொஜெக்டர்ல ஓட்டிப் பாக்கவே கூடாது, ஃபிலிம் சுருங்கியிருந்தா ஓரத்து ஓட்டையெல்லாம் கிழிஞ்சிரும் (என்னோடது ஒண்ணு அப்படித்தான் போச்சு, இன்னும் வயித்தெரிச்சல்).

16 எம்எம்னா நைட்ரேட்ங்கற பழைய வகை ஃபிலிமா இருக்குமோங்கற பயம் இல்ல. 35 எம்எம் ஏதாவது கெடச்சு 1952க்கு முந்தினதுன்னா மட்டும் உஷார், நைட்ரேட்டா இருந்தா சட்டுனு தீப்பிடிக்கும்.

வாடை வர்றத முதல்ல ஸ்கேன் பண்ணிடுங்க, ஆனா ஒரிஜினல தூக்கிப் போடாதீங்க. சினிமா படம் மாதிரி தெரிஞ்சா புனேல இருக்கற தேசிய திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு எழுதுங்க, 1964ல ஆரம்பிச்சது, நாயர் படங்கள சேத்து வச்ச எடம். முதல் தமிழ் பேசும்படம் காளிதாஸுக்கே இன்னிக்கு பிரிண்ட் இல்ல. டப்பா மேல, ஃபிலிம் ஓரத்துல என்ன எழுதியிருக்குன்னு போட்டோ போடுங்க.