பிக்கப் தூக்கிப் போடுகிறதா? பிளேட்டைக் கழற்றும் முன் இதைப் படியுங்கள்

நாமக்கல்லில் பிளேட் பட்டறை வைத்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. பிளேட் என்றால் அச்சுக்கும் வண்டிக்கும் நடுவில் ஸ்பிரிங்காக நின்று கனத்தைத் தாங்கும் வளைந்த இரும்புப் பட்டை; பல பட்டை சேர்ந்தது ஒரு கட்டு. லாரி வேலையில்தான் ஆரம்பித்தேன், இப்போது வருவதில் பாதி பிக்கப். வண்டி தூக்கிப் போடுகிறது, இடுப்பு போகிறது என்று வந்த கேள்விகளை எடுத்து வைத்துப் பதில் எழுதுகிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் சேர்த்துவிட்டேன்.

அண்ணே, ஒன்றரை டன் பிக்கப் வைத்திருக்கிறேன். லோடு ஏற்றினால் அலுங்காமல் போகிறது. காலியாகத் திரும்பும்போது பின்பக்கம் குதிக்கிறது. வண்டியில் குறையா?

குறை இல்லை தம்பி, அதன் வேலையே அப்படி. ஒரு டேப் எடுத்து, பின் சக்கரத்தின் நடுவிலிருந்து பாடியின் விளிம்பு வரை காலியாக ஒருமுறை, முழு லோடில் ஒருமுறை அளந்து பாருங்கள். எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு தூரம் பிளேட் வளைந்திருக்கிறது. சொகுசு என்பது அந்த வளைவுதான். ஒன்றரை டன்னைத் தாங்கச் செய்த இரும்பை வெறும் தொட்டியின் கனத்தால் வளைக்க முடியாது. அதனால் பள்ளத்தில் சக்கரம் விழுந்தால் பிளேட் வாங்கிக்கொள்ளாமல் அடியை அப்படியே சேஸிஸுக்கு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்துக்குத் தள்ளிவிடுகிறது. இதை முழுசாக ஒழிக்க முடியாது. ஆனால் டயர் காற்று, துரு, புஷ் (பிளேட் மாட்டும் இடத்தில் உள்ள ரப்பர் உருளை), ஷாக் அப்சார்பர் இந்த நாலையும் சரிசெய்தால் நன்றாகவே குறையும்.

அப்படியென்றால் ஒரு பிளேட்டைக் கழற்றிவிடலாமே? எங்கள் ஊரில் நிறைய பேர் செய்கிறார்கள்.

வேண்டாம். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் ஒருவருக்குக் கழற்றிக் கொடுத்தேன். காலியில் நன்றாகத்தான் போனது. இரண்டே மாதத்தில் செங்கல் லோடோடு மெயின் பிளேட் கண்ணுப் பக்கம் (நுனியில் போல்ட் மாட்டும் வளையம்) உடைந்து, அச்சு ஒருபக்கம் பின்னால் நகர்ந்து, வண்டி ரோட்டில் கோணலாக நின்றது. யாருக்கும் அடிபடவில்லை என்பது அவருடைய அதிர்ஷ்டம், என்னுடைய அதிர்ஷ்டமும்தான். அன்றோடு அந்த வேலையை விட்டுவிட்டேன்.

ஒரு பிளேட் போனால் அதன் பங்கு கனம் மற்றவற்றின் மேல் ஏறுகிறது. கட்டின் தடிமன் குறைவதால் அதை அச்சோடு பிடிக்கும் பழைய யூ போல்ட்டும் சரியாகப் பிடிக்காது. அது தவிர, ஆர்சியில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பதும் இதைத்தான்.

முட்டை லோடு அடிக்கிறேன். அட்டைக்கு 30 முட்டை, இறக்கும்போது அடி அட்டைகளில் கீறல். பிளேட்டை மாற்ற வேண்டுமா?

முதலில் டயரைப் பாருங்கள். டிரைவர் கதவைத் திறந்தால் தூணிலோ கதவு ஓரத்திலோ ஸ்டிக்கர் இருக்கும், இல்லையென்றால் வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் இருக்கும். காலிக்கு எவ்வளவு, லோடுக்கு எவ்வளவு என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். நம் ஆட்கள் லோடுக்கு உள்ளதை, அதற்கும் மேலே அஞ்சு சேர்த்து அடித்துவிட்டு, வருடம் முழுக்க அதிலேயே ஓட்டுகிறார்கள். கல்லாக இருக்கும் டயரில் ஓட்டிக்கொண்டு பிளேட்டைக் குறை சொல்லி என்ன பயன்? முட்டை இடம் அடைக்கும் அளவுக்குக் கனம் இல்லாத சரக்கு. எடைமேடையில் ஒருமுறை போட்டுப் பாருங்கள், முழு லோடுக் காற்று தேவைதானா என்று தெரிந்துவிடும்.

காற்றைக் காலையில், டயர் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும். ஓடி வந்த சூட்டில் நாலைந்து பிஎஸ்ஐ கூடக் காட்டும்; அதைப் பார்த்து இறக்கிவிடாதீர்கள். லோடில் காற்று குறைந்தால் டயரின் பக்கவாட்டுச் சுவர் மடிந்து மடிந்து சூடேறி வெடிக்கும். சொகுசுக்காக ஸ்டிக்கரில் உள்ளதற்குக் கீழே ஒருநாளும் போகாதீர்கள்.

பிளேட்டுக்குக் கழிவு ஆயில் அடித்தால் மெத்தென்று இருக்கும் என்கிறார்களே?

ஒரு வாரம் இருக்கும். அப்புறம் அந்த எண்ணெயில் புழுதி ஒட்டி மாவரைக்கிற மாதிரி பிளேட்டைத் தேய்க்கும், புஷ் ரப்பரும் ஊறிக் கெட்டுவிடும்.

ஆனால் அந்த யோசனைக்குப் பின்னால் ஒரு உண்மை இருக்கிறது. பிளேட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கினால்தான் கட்டு வளையும். நடுவில் துரு ஏறினால் அத்தனை பிளேட்டும் ஒட்டிக்கொண்டு ஒரே தடிக் கட்டை மாதிரி நிற்கும். வேகத்தடையில் ஏறும்போது பின்னால் "கிரீச்" என்று கத்தினால் அதுதான். இதற்கு முறையான வழி: சேஸிஸை ஸ்டாண்டில் நிறுத்தி, அச்சைத் தொங்கவிட வேண்டும். பிளேட் நுனிகள் தாமாக விலகும். கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து எடுத்துவிட்டு, இடுக்கில் கிராஃபைட் கிரீஸ் வைக்க வேண்டும். நுனியில் பிளாஸ்டிக்கோ ரப்பரோ வைத்த கட்டாக இருந்தால் கிரீஸ் கூடாது. தேய்ந்த துண்டை மட்டும் மாற்றுங்கள். அரை நாள் வேலைதான். எங்கள் பட்டறையில் இதைச் செய்துகொண்டு போனவர்களில் பலர் திரும்பி வந்து, புதுப் பிளேட்டா போட்டீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள்.

கேஸ் ஷாக் போட்டால் சொகுசு கூடுமா சார்?

ஷாக் கனத்தைத் தாங்குவதில்லை. பிளேட் வளைந்து மீளும்போது திரும்பத் திரும்ப ஆடாமல் அடக்குவதுதான் அதன் வேலை. ஒரு பள்ளத்துக்கு வண்டி இரண்டு மூன்று முறை ஆடுகிறது என்றால் ஷாக் போயிருக்கிறது. ஆடவில்லை, ஒரே அடியாக இடிக்கிறது என்றால் கேஸ் ஷாக் அதை மென்மையாக்காது, இன்னும் விறைக்கவும் வைக்கலாம்.

பழைய ஷாக்கைச் சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். மோசமான ரோட்டில் பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இறங்கி, சைலன்சர் பக்கம் கை படாமல், நாலு ஷாக்கையும் தொட்டுப் பாருங்கள். வேலை செய்கிற ஷாக் சூடாக இருக்கும். ஒன்று மட்டும் சில்லென்று இருந்தால் அது செத்துவிட்டது. மாற்றும்போது ஒரே அச்சில் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

புஷ்ஷுக்கு ரப்பரா, பாலியூரிதேனா?

சொகுசுதான் வேண்டுமென்றால் ரப்பர். பாலியூரிதேன் கூட நாள் உழைக்கும், ஆனால் அதிர்வைக் கூடுதலாக உள்ளே அனுப்பும். ரப்பர் போட்டால் மெக்கானிக்கிடம் ஒன்று சொல்லுங்கள்: ரப்பர் புஷ்ஷின் போல்ட்டை, வண்டியைத் தரையில் இறக்கி கனம் உட்கார்ந்த பிறகுதான் கடைசியாக முறுக்க வேண்டும். தொங்கும்போதே முறுக்கினால், இறக்கியதும் ரப்பர் முறுகியே நின்று சீக்கிரம் கிழியும்.

காலியில் தொட்டியில் மணல் மூட்டை போட்டு ஓட்டலாமா?

போடலாம், பலன் தெரியும். நூறு, நூற்றைம்பது கிலோ, பின் அச்சுக்கு நேர் மேலே, அசையாமல் கட்டி. டீசல் கொஞ்சம் கூடும். லோடு ஏற்றும்போது மறக்காமல் இறக்கிவிடுங்கள்.

குடும்பத்துக்காக இசுசு வி-கிராஸ் பிக்கப் வாங்கினேன். முன்சீட்டில் தெரியவில்லை, பின்சீட்டில் அம்மாவுக்கு இடிக்கிறது. ஏர் பேக் வைக்கலாமா?

உங்கள் வண்டியில் முன்னால் காயில் ஸ்பிரிங், சக்கரங்கள் தனித்தனியாக ஆடும். பின்னால் லாரி மாதிரி பிளேட்டும் ஒற்றை அச்சும். வித்தியாசம் அங்கேதான். இந்த ஏர் பேக் விபத்தில் விரிவது அல்ல; காற்று அடைத்த பையைப் பிளேட்டோடு இன்னொரு ஸ்பிரிங்காகச் சேர்ப்பது. லோடில் பின்பக்கம் உட்காராமல் தாங்கும், காலியில் மென்மை தராது. சரக்கு ஏற்றாத உங்களுக்கு அது வீண்செலவு. காற்றை ஸ்டிக்கர்படி வையுங்கள். அம்மாவை முன்சீட்டில் உட்கார வையுங்கள். வேகத்தடைக்கு முன்பே பிரேக்கை முடித்து, சக்கரம் ஏறும் நேரம் காலை எடுத்துவிடுங்கள். பிரேக் பிடித்தபடி ஏறினால் முன்பக்கம் அமுங்கி நின்று அடி கூடும்.

70-ல் போகும்போது மட்டும் தரை நடுங்குகிறது. இதுவும் பிளேட்டா?

இல்லை. குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வரும் நடுக்கம் சுற்றுகிற பொருளிலிருந்து வருவது. வீல் பேலன்ஸ், அப்புறம் புரொப்பெல்லர் ஷாஃப்டின் (இன்ஜின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் தண்டு) கிராஸ் என்ற இணைப்பு, இரண்டு துண்டு ஷாஃப்ட் என்றால் நடு பேரிங். இந்த வரிசையில் பாருங்கள். கிராஸ் ஆட்டமாக இருந்தால் அன்றைக்கே மாற்றுங்கள்.

வீட்டுக்காரர் தினமும் ஒட்டன்சத்திரத்துக்குத் தக்காளி லோடு ஓட்டுகிறார். இரவில் இடுப்பு வலியில் தூங்குவதில்லை. வண்டியில் என்ன செய்யலாம்?

அக்கா, சீட்டைக் கையால் அழுத்திப் பாருங்கள். அடிப்பலகை கையில் தட்டினால் ஃபோம் செத்துவிட்டது. மேலே எத்தனை கவர் போட்டாலும் பயனில்லை. அடர்த்தியான ஃபோமை உள்ளேயே மாற்றச் சொல்லுங்கள். தொடை முழுக்கச் சீட்டில் படியும்படி முன்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தித் தைக்கச் சொல்லுங்கள், இடுப்புக்குப் பின்னால் சின்னத் திண்டு ஒன்று. மார்க்கெட்டில் போய் நின்றதும் அவர் நேராகக் கூடையைத் தூக்க வேண்டாம். மணிக்கணக்கில் குலுங்கிய முதுகு அந்த நேரத்தில்தான் பிடித்துக்கொள்ளும். பத்து நிமிடம் நடந்து, ஒரு டீ குடித்துவிட்டு இறக்கட்டும். வலி காலுக்கு இறங்குகிறது, மரத்துப் போகிறது என்றால் பட்டறைக்கு வருவதற்கு முன் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.